வளர்ற பிள்ளைக்கு முதல் சைக்கிள்

தென்னாப்பிரிக்காவின் மிட்ராண்டில் இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "கோபிசெட்டிபாளையத்திலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. பையனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம், உயரம் 88 செ.மீ., எடை 12 கிலோ. அவனுடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரிலிருந்து பணம் அனுப்பிவிட்டு, 'வளர்ற பிள்ளை, 16 இஞ்ச்சே வாங்கிரு, சைடு வீல் மாட்டிக்கலாம்' என்கிறார். பக்கத்து வீட்டு டர்பன் ஆன்ட்டி தன் பேரன் ஓட்டிய மூன்று சக்கர வண்டியைச் சும்மா தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரரோ பெடலே இல்லாத பைக் ஒன்றைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்று நிற்கிறார். பெடல் இல்லாததற்கு எதற்குக் காசு? எதை வாங்குவது?"

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை வாங்குங்கள். ஆன்ட்டி தருவதையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அப்புச்சியின் பணத்தை அப்படியே பத்திரமாக வையுங்கள், அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து வேலை வரும்.

நான் டர்பனில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். அதற்கு முன்னால் மூன்று வருஷம் உங்கள் பக்கம், செஞ்சூரியனில். வேலை கிரேன் பராமரிப்பு. சனிக்கிழமையானால் எங்கள் குடியிருப்பு காம்ப்ளெக்ஸ் பிள்ளைகளின் சைக்கிள்களெல்லாம் என் கராஜ் வாசலில் தலைகீழாகக் கிடக்கும். செயின் கழன்றது, பிரேக் பிடிக்காதது, சைடு வீல் வளைந்தது என்று வரும். சைடு வீல் வளைந்ததுதான் அதிகம். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு சக்கர வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் வண்டியும் ஆளும் இடது பக்கம் சாய வேண்டும். நமக்கு அது உடம்பில் ஊறிப்போனதால் சாய்கிறோம் என்பதே தெரிவதில்லை. சைடு வீல் போட்ட வண்டி சாயாது. பிள்ளை ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் வண்டி நேராக நின்றபடியே திரும்பும், பிள்ளையின் உடம்பு வலது பக்கம் தள்ளப்படும். ஷேர் ஆட்டோ வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் வெளிப்பக்கம் சரிவாரே, அதே கதைதான். இப்படி ஒரு வருஷம் ஓட்டிய பிள்ளைக்கு உடம்பு தப்பான பாடத்தைப் படித்துவிடுகிறது. பிறகு சைடு வீலைக் கழற்றுகிறோம். படித்ததையெல்லாம் மறந்து புதிதாகப் படிக்க வேண்டும், அதுவும் விழுந்து விழுந்து.

இன்னொன்றும் இருக்கிறது, இதைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை. தரை சமமாக இல்லாத இடத்தில், கல் பதித்த டிரைவ்வேயில், தண்ணீர் போக வெட்டிவிட்ட பள்ளத்தில், இரண்டு பக்கச் சக்கரங்களும் மேட்டில் நிற்க, நடுவில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். பிள்ளை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் காற்றில் சுற்றுமே தவிர வண்டி நகராது. அழுகை வரும், போகட்டும். ஆனால் பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் கால் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால், அந்த பிரேக் பிடிப்பதும் அதே பின்சக்கரத்தைத்தான். சக்கரம் தரையில் இல்லையென்றால் பிரேக்கும் இல்லை. இறக்கத்தில் அப்படி ஆனால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

நான் யோசிக்கவில்லை. என் மூத்தவளுக்கு மூன்று வயதில் பளபளவென்று ஒரு 16 இஞ்ச் சைக்கிள் வாங்கினேன், அப்புச்சி சொல்லும் அதே கணக்கில். இரும்பு. வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தபோது ஒன்பது கிலோவுக்கு மேல். அவள் அப்போது பதினான்கு கிலோ. எங்கள் டர்பனில் சமதரை என்பது கடற்கரையில் மட்டும்தான், மற்றதெல்லாம் ஏற்றம் இறக்கம். கேட்டுக்கு இறங்கும் சின்னச் சரிவில் ஒரு பக்கச் சக்கரத்தின் கம்பி வளைந்து, வண்டி அவள்மேல் சாய்ந்தது. முழங்கை சிராய்ப்பு இரண்டு நாளில் ஆறியது. ஆனால் எட்டு மாதம் சைக்கிள் பக்கமே அவள் வரவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பெடல் இல்லாத பைக். மூன்றரை வயதில் பெடல் வண்டியில் ஏறியவன் ஒரு மதியத்தில் ஓட்டிவிட்டான். சைடு வீல் என்ற சாமானையே அவன் பார்த்ததில்லை.

பெடல் இல்லாததற்கு எதற்குக் காசு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலகத்தின் முதல் சைக்கிளுக்கே பெடல் கிடையாது. 1817-இல் கார்ல் டிரைஸ் என்ற ஜெர்மானியர் மான்ஹைம் நகரத்தில் ஓட்டிக் காட்டியது, மரத்தால் ஆன, உட்கார்ந்துகொண்டு காலால் தரையை உந்தி ஓடும் இரண்டு சக்கர வண்டி. பெடல் வர இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது. மிதிப்பது சின்ன வேலை, பிள்ளைகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். விழாமல் நிற்பதுதான் பெரிய வேலை. முதல் வண்டி அந்தப் பெரிய வேலையைக் கற்றுக்கொடுத்தால் போதும்.

அப்புச்சியிடம் கார்ல் டிரைஸைப் பற்றிச் சொல்லாதீர்கள், எடுபடாது. அவர் சைக்கிள் பழகிய கதையைக் கேளுங்கள். அவர் வயதுக்காரர்கள் பெரியவர்கள் சைக்கிளில்தான் பழகியிருப்பார்கள். சீட் மார்பு உயரத்துக்கு இருக்கும். முதலில் இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்தி, வண்டி ஓட ஓட அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போவது. அது பிடிபட்ட பிறகுதான் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல். அந்த முதல் படியை, உந்தி ஓடி மிதப்பதை, உட்கார்ந்துகொண்டு செய்வதுதான் இந்தப் பெடலில்லாத பைக். 'நடைவண்டி மாதிரி, ஆனா உட்கார்ந்து ஓட்டறது' என்று சொல்லுங்கள், உடனே புரிந்துவிடும். 'நாங்க பெரிய சைக்கிள்லயே பழகலையா?' என்று கேட்டால், அப்போது உங்களுக்கு எத்தனை வயது என்று திருப்பிக் கேளுங்கள். எட்டு, பத்து என்பார். இவனுக்கு இரண்டரை.

இனி அளவு. 'வளர்ற பிள்ளை' என்ற பேச்சு நம் ரத்தத்தில் இருக்கிறது. ஜூன் மாதம் தைத்த யூனிஃபார்ம் அடுத்த ஜூனுக்கும் வர வேண்டும், கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்துவிட வேண்டும், அப்படி வளர்ந்தவர்கள் நாம். துணிக்கு அது சரி. பெரிய சட்டை போட்ட பிள்ளை கீழே விழாது. பெரிய சைக்கிளில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தரை எட்டாது, தரை எட்டாத பிள்ளைக்கு பயம் வரும், பயந்த பிள்ளை ஓட்டாது. வண்டி கராஜில் நின்று நின்று, அவன் வளர்ந்து வரும்போது டயர் வெடிப்பு விட்டிருக்கும்.

பெட்டியில் '3 முதல் 5 வயது' என்று அச்சடித்திருப்பதைப் பார்க்காதீர்கள். நீங்கள் எழுதிய 88 செ.மீ. உயரமும் பாதி விஷயம்தான், ஒரே உயரத்தில் கால் நீளம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். உள்கால் நீளம் வேண்டும். ஷூ போட்டுவிட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி நிற்கவையுங்கள். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே, முதுகுப் பக்கம் சுவரில் படும்படி, மேலே முட்டும்வரை ஏற்றுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளங்கள். இரண்டு முறை அளங்கள், ஒரு முறையாவது ஆடாமல் நிற்பான். அவன் உயரத்துக்கு 33, 35 செ.மீ. சுமாருக்கு வரலாம்.

பெடல் இல்லாத பைக்கில் சீட் அந்த அளவை விட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ இருக்க வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் படிந்து, முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், நுனிக்கால் போதாது. அதாவது சீட்டை முழுதாக இறக்கினால் 30, 31-க்கு வரும் வண்டியாகப் பாருங்கள். கடைக்குப் போகும்போது தையல் டேப் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்த எண்ணை எந்தப் பெட்டியிலும் பெரிதாகப் போட மாட்டார்கள். நான் அளந்து பார்த்த 16 இஞ்ச் வண்டிகளில் சீட்டை அடியோடு இறக்கினாலும் 45-க்குக் கீழே வந்தது எதுவும் இல்லை. உங்கள் பையன் அதில் உட்கார்ந்தால் அரைச் சாண் அளவுக்குக் கால் ஆகாயத்தில் இருக்கும். அப்புச்சிக்கு இந்த இரண்டு எண்களையும் வாட்ஸாப்பில் அனுப்புங்கள், வேறு வாதமே வேண்டாம்.

அளவுக்கு அடுத்து எடை. பிள்ளையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. உங்களவனுக்கு நான்கு கிலோ. நல்ல பெடலில்லா பைக்குகள் மூன்று, நான்கு கிலோவில் கிடைக்கின்றன. ஸ்ட்ரைடர் என்ற அமெரிக்க கம்பெனியின் 12 இஞ்ச் வண்டி மூன்று கிலோ சொச்சம்தான். எட்டு கிலோ இரும்பு சைக்கிளை 12 கிலோ பிள்ளைக்குக் கொடுப்பது, 60 கிலோ ஆளிடம் 40 கிலோ சைக்கிளைக் கொடுத்து ஓட்டச் சொல்வதற்குச் சமம். அதை நிமிர்த்தவே நமக்கு நாக்கு தள்ளும். பிள்ளை தானே தூக்கி நிமிர்த்தி ஏறக்கூடியதாக இருந்தால்தான் தினமும் எடுப்பான். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் 'அம்மா' என்று கூப்பிடுவான், நான்காவது தடவை நீங்களே வண்டியை உள்ளே எடுத்து வைத்துவிடுவீர்கள்.

மரத்தில் செய்த பைக்குகளும் இருக்கின்றன, பார்க்க அழகு. என் ஓட்டு இரும்புக்கோ அலுமினியத்துக்கோதான். மரவண்டியில் பெரும்பாலும் சீட்டுக்கு மூன்று ஓட்டைதான், அதற்கு இடைப்பட்ட உயரத்தில் வைக்க முடியாது. மழையில் ஒரு ராத்திரி வெளியே மறந்துவிட்டால் பிளைவுட் விரிந்துவிடும்.

டயர் விஷயத்தில் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பதில் வேறு. குட்டி பைக்குகளில் இரண்டு வகை: ரப்பர் ஃபோம் மாதிரி கெட்டியான டயர், காற்றடிக்கும் டியூப் டயர். டியூப் டயர் குலுங்காது, நனைந்த தரையில் பிடிமானம் அதிகம். டர்பனில் நான் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். உங்கள் பக்கம் நெருஞ்சி இருக்கிறதே! நம் ஊர்க் காட்டில் காலில் குத்திய அதே நெருஞ்சிதான். இங்கே ஆப்பிரிக்கான்ஸில் டுவெல்கி என்பார்கள். செஞ்சூரியனில் இருந்தபோது மழைக்காலம் முடிந்து புல் காய ஆரம்பித்ததும், பேவ்மென்ட் ஓரத்தில் ஒரு சுற்றுப் போய்வந்தால் டயரில் ஏழெட்டு முள் எண்ணுவேன். குட்டி டியூப்புக்கு ஒட்டுப் போடுவதைவிட வெறுப்பான வேலை கிடையாது. அதனால் உங்களுக்கு இந்த முதல் வண்டி ஃபோம் டயராகவே இருக்கட்டும். ஏற்கெனவே பிடித்துப்போன வண்டி டியூப் டயர் என்றால், சைக்கிள் கடையில் பச்சை நிறத்தில் ஒரு சீலன்ட் திரவம் விற்பார்கள், வால்வு வழியாக ஊற்றிவிட்டால் சின்ன முள்துளைகளை அதுவே அடைத்துக்கொள்ளும்.

டியூப் டயரானால் இன்னொன்று. பெட்ரோல் ஸ்டேஷனில் கார் டயருக்குக் காற்று பிடிப்பவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் போனைப் பார்க்காதீர்கள். பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு ஒன்றரை பார் அழுத்தமே தாராளம். கார் பழக்கத்தில் இரண்டரை ஏற்றிவிட்டால், டியூப் வெடிக்காவிட்டாலும் வண்டி பந்து மாதிரித் துள்ளும். வீட்டில் ஒரு கைப்பம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி இந்த வயதில் அதிகம் கவலைப்பட வேண்டாம். இரண்டரை வயதுக் கைக்கு பிரேக் லீவரை எட்டிப்பிடித்து அழுத்தும் பலம் கிடையாது. காலை ஊன்றித்தான் நிறுத்துவான். ஆக, பிரேக் என்பது ஷூ. இங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு மால் வரைக்கும் போய்வருவதைப் பார்த்திருப்பீர்கள், நல்ல பழக்கம்தான், ஆனால் பைக்குக்கு அது ஆகாது. ஸ்லாப்ஸும் (ரப்பர் செருப்பு) ஆகாது. முன்பக்கம் மூடிய, பழைய ஷூ. புது ஷூவைப் போட்டால் இரண்டு வாரத்தில் மூக்கு தேய்ந்துவிடும், பிறகு பிள்ளையைத் திட்டக் கூடாது. மூன்றரை வயதுக்கு மேல் பெடல் வண்டி வாங்கும்போது கை பிரேக்கைக் கட்டாயம் பாருங்கள். அவன் விரலைக் கிரிப்பில் வைத்தபடியே லீவரை எட்டுகிறானா, ஒரு கையால் அழுத்தினால் சக்கரம் நிற்கிறதா என்று கடையிலேயே செய்து பார்க்க வேண்டும்.

ஹெல்மெட்டில் பேரம் பேசாதீர்கள். இந்த நாட்டில் பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டும் எல்லாருக்கும் சட்டப்படியே அது கட்டாயம். ஆனால் சட்டத்துக்காகச் சொல்லவில்லை, முதல் நாளே மாட்டிவிட்டால் அது வண்டியோடு சேர்ந்த சாமான் என்று பிள்ளை எடுத்துக்கொள்கிறான், ஆறு மாதம் கழித்து மாட்டினால் சண்டை. புருவத்துக்கு மேலே டேப்பைச் சுற்றித் தலையின் சுற்றளவை அளந்து அதற்கேற்ப வாங்குங்கள். இதையும் வளர்ச்சிக்காகப் பெரிதாக வாங்காதீர்கள்! புருவத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே இரண்டு விரல்கடை, காதைச் சுற்றிப் பட்டை ஆங்கில 'வி' மாதிரி காதுக்குக் கீழே சேர வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். பின்னந்தலையில் வைத்து நெற்றி தெரிய மாட்டிவிடும் ஹெல்மெட் போட்டோவுக்குத்தான் உதவும். வண்டியை விட்டு இறங்கி ஜங்கிள்ஜிம்மில் ஏறும்போது ஹெல்மெட்டைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். பட்டை கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து இருக்கிறது.

பழையது வாங்கலாமா? தாராளமாக. ஹெல்மெட்டைத் தவிர. ஏற்கெனவே அடிபட்ட ஹெல்மெட் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே நொறுங்கியிருக்கும். பைக்கோ, பிள்ளை ஒன்றரை வருஷத்தில் அதைத் தாண்டி வளர்ந்துவிடுகிறான், வண்டி அப்படியே இருக்கிறது. உங்கள் காம்ப்ளெக்ஸ் வாட்ஸாப் குழுவில் ஒரு வரி போட்டால், கராஜில் ஒன்று தூங்குகிறது என்று யாராவது எடுத்து வருவார்கள். முன்சக்கரத்தை முட்டுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், கடக் கடக் என்றால் முன்கழுத்து தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் சரியாகிவிடும். சீட் கம்பி ஏறி இறங்குகிறதா பாருங்கள். அது துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் வண்டியே வீண், அளவு மாற்ற முடியாது. டர்பனிலிருந்து வரும் வண்டியானால் இதைக் கட்டாயம் பாருங்கள், எங்கள் உப்புக்காற்று இரண்டு மாதத்தில் செயினைச் செம்பழுப்பாக்கிவிடும். வெல்டிங் ஓரத்தில் விரிசல் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தின் இருபுறமும் போல்ட் துருத்திக்கொண்டு மூடியில்லாமல் இருந்தால், ஓடும்போது கணுக்காலில் இடிக்கும். ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டால் தீர்ந்தது.

ஆன்ட்டியின் மூன்று சக்கர வண்டியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். முகத்துக்காகச் சொல்லவில்லை. இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் ஒரு சாமானைக் கொடுத்தால் அதோடு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். சட்டென்று மறுத்தால் மனசு கஷ்டப்படும். வண்டியும் உதவும், வராந்தாவில் மிதித்துப் பழகட்டும், பெடல் என்றால் என்னவென்று காலுக்குத் தெரியட்டும். வெளியே சரிவான இடத்துக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள், வேகமாகத் திரும்பினால் மூன்று சக்கரம் கவிழும். அவன் போகும் க்ரெஷ்ஷில் காலால் தள்ளி ஓட்டும் கறுப்பு பிளாஸ்டிக் மோட்டார்பைக் கிடக்கும், கல்தரையில் தெருவே அதிரும்படி கடகடக்கும். அதில் ஓடிப் பழகியிருந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்குவது எப்படி? நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, செய்யாமல் இருக்க வேண்டியதுதான் அதிகம். ஹேண்டில்பாரைப் பிடிக்காதீர்கள், சீட்டைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் சமநிலை உங்கள் கையில் இருக்கும், அவன் உடம்பில் ஏறாது. முதல் சில நாள் சீட்டில் உட்காரவே மாட்டான், வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நடப்பான். 'உட்காரு, உட்காரு' என்று நச்சரிக்காதீர்கள். பிறகு உட்கார்ந்து நடப்பான், பிறகு எட்டி எட்டி வைப்பான், பிறகு ஓடுவான். ஒரு நாள் இரண்டு காலையும் தூக்கிவிட்டு மிதந்து போவான், முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது! இது சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம், சிலருக்கு ஆறு மாதம். என் சின்னவன் முதல் இரண்டு மாதம் வண்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். அவன் கீழே போட்டுவிட்டுப் பூச்சி பார்க்கப் போனால், அன்றைய பாடம் முடிந்தது.

இடம் முக்கியம். காம்ப்ளெக்ஸுக்குள் பத்திரம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அங்கேதான் பக்கியும் (பிக்கப் வண்டி) பெரிய காரும் ரிவர்ஸில் வரும். சீட் உயரம் ஒரு அடி, பிள்ளை தலை காரின் பின்கண்ணாடிக்குக் கீழே. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் ஒரு கம்பியில் ஆரஞ்சுக் கொடி கட்டிவிடுங்கள், அதையும் நம்பாமல் நீங்கள் கூடவே நில்லுங்கள். தானாக நகரும் கேட் பக்கம் விடவே விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு காலியாக இருக்கும் பார்க்கிங் நல்ல இடம். கோடையில் உங்கள் பக்கம் மத்தியானம் இடி மின்னல் வந்துவிடும் என்பதால் எப்படியும் காலைதான். கொஞ்சம் தூரம் போகலாமென்றால் ஜோஹன்னஸ்பர்க்கில் எம்மரென்ஷியா, டெல்டா பார்க் இருக்கின்றன. கண்ணுக்கே தெரியாத அளவு சரிவான, அடியில் சமதரையாக முடியும் புல்வெளி கிடைத்தால் விடாதீர்கள், மிதந்து போகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. விடுமுறைக்கு டர்பன் வந்தால் கடற்கரை ப்ராமனேட் எட்டு கிலோமீட்டருக்குச் சமதரை. சனிக்கிழமை காலையில் மட்டும் நார்த் பீச் பக்கம் கொண்டுவராதீர்கள், பார்க்ரன் என்ற வாராந்தர ஓட்டத்துக்கு வரும் கூட்டம் ஓடும், நடுவில் குட்டி பைக் மாட்டினால் இரண்டு பக்கமும் விழுவார்கள்.

இப்போது அப்புச்சி பணம். காலைத் தூக்கிக்கொண்டு ஐந்தாறு விநாடி மிதக்கிறான், வளைவில் தானாகச் சாய்கிறான் என்றால் பெடலுக்குத் தயார். அநேகமாக நான்கு வயது வாக்கில். அப்போது மறுபடியும் புத்தகம், சுவர், டேப். 14 இஞ்ச்சா 16 இஞ்ச்சா என்பதை உள்கால் அளவு சொல்லும். பழகும்வரை உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் படும் அளவு. அப்போதும் லேசான வண்டியாகவே பாருங்கள், முன்னால் ஷாக் அப்ஸார்பர், கியர் எல்லாம் வெறும் எடை. வாங்கிய அன்றே பெடலைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டவிடுங்கள், புது வண்டியின் உயரமும் எடையும் பழகிய பிறகு மாட்டலாம். 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். வலது பெடல் வழக்கம்போல் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலது பக்கம் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் ஒரு அப்பா முழு பலத்தையும் போட்டு இறுக்கி மரையையே தின்றுவிட்டு என் கராஜுக்குக் கொண்டுவந்தார். பாவம், அவர் மெக்கானிக்கல் இன்ஜினியர்.

ஒன்றரை வருஷம் பணத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அப்புச்சிக்குப் பொறுமை இருக்காது, தினமும் 'சைக்கிள் வாங்கியாச்சா' என்று கேட்பார். அவரிடம் ஒரு வேலை கொடுங்கள். கோபி கடைவீதியில் பழைய பித்தளைச் சத்தம் வரும் சைக்கிள் மணி ஒன்று வாங்கி, அடுத்து யார் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். இங்கே குட்டி பைக்குக்குக் கிடைக்கும் மணியெல்லாம் பிளாஸ்டிக், தும்மல் சத்தம்தான் வரும். குட்டி ஹேண்டில்பார் மெல்லிசாக இருப்பதால் மணி ஆடும். பழைய டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் மாட்டி இறுக்குங்கள். வலது கை கட்டைவிரல் எட்டும் இடத்தில்.